அத்தை தூக்கித் திரிந்த வாளி

என்னோடு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கம்பைநல்லூர் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்களே, இப்போது ஓசூரிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் ஆளுக்கொரு மூலையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருப்பவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு பங்குனி மாதம் எங்கள் அத்தை, பாதித் தலையை மறைக்கிற அளவுக்கு ஒரு ரோஸ் நிறப் பூவை வைத்துக்கொண்டு கோயிலிலிருந்து ஊர் நடுவே நடந்து வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? உங்களில் சிலர் பின்னாலேயே வந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கினீர்கள். ஒருத்தன் ஒன்றைத் தின்றுகூடப் பார்த்து, "கத்திரிக்காத் தோலு மாதிரி இருக்குதுடா" என்று துப்பினான். அவன் இதைப் படித்தால் சிரிப்பான்.

அந்தப் பூவின் பெயர் எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. ஆபீசில் கூட வேலை செய்கிறவருக்குப் பெங்களூரில் கல்யாண வரவேற்பு. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூ. ரோஜா, ஆர்க்கிட் எல்லாம் தாண்டி ஓரத்தில் ஒரு கொத்து. கை நிறையக் கசக்கிய பட்டுத்துணி மாதிரி, ரோஸ் நிறத்தில், அடுக்கடுக்காக. அத்தை தலையில் இருந்த அதே பூ. அலங்காரம் செய்துகொண்டிருந்த பையனைக் கேட்டேன். "பியோனி சார். ஃபாரின்ல இருந்து ஐஸ் பெட்டியில வருது" என்றான். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பந்தியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். வெளியே போனேன், திரும்ப அந்த மேடைக்கே வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இருப்புக் கொள்ளாதது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்குமே இருப்புக் கொள்ளவில்லை.

பொங்கலுக்கு வந்த அத்தை திரும்பிப் போகவில்லை. அங்கேதான் ஆரம்பம். அவள் அப்பாவின் ஒரே தங்கச்சி. கல்யாணமாகி ரெண்டு வருஷம் இருக்கும். மாமா மிலிட்டரி. இமாச்சல் பக்கம் மலைமேல் எங்கோ குவார்ட்டர்ஸ். எங்கள் சனத்தில் சர்க்கார் சம்பளக்காரருக்குப் பெண் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். மாமா கேன்டீனில் வாங்கிக் கொடுத்த பச்சை டார்ச் ஒன்று இருந்தது. அதை அப்பா துண்டால் துடைத்துத் துடைத்து ஆணியில் மாட்டுவார். வெளிச்சத்துக்கு எடுத்ததைவிடத் துடைக்க எடுத்ததுதான் அதிகம். காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது பழைய டார்ச்சைத்தான் கொண்டு போவார்.

மாமா அத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, லீவு முடிந்து போய்விட்டார். "மாசி வரைக்கும் இருந்துட்டு வர்றேன்" என்றாள் அத்தை. மாசி வந்தது. அப்பா கேட்டதற்கு, "அங்க குளுருதுண்ணா" என்றாள்.

பக்கத்துக் காட்டுப் பெரியம்மா வேலியோரம் நின்று இதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "குளுருக்குப் பயந்து புருசன வுட்டுட்டு வந்தவள இப்பத்தான் பாக்கறன். ஏம்மா, ரெண்டு கம்பளி சேத்துப் போத்திக்கறது!"

அத்தையும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் போகவில்லை.

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு ஒரு மங்கி குல்லா கிடைத்தது. சாம்பல் நிறக் கம்பளி. அதற்குள் ஏதோ கனமாக இருந்தது. கவிழ்த்தேன். கை தடிமனுக்கு, மண் ஒட்டிக்கொண்டு, முடிச்சு முடிச்சாக ஒரு வேர்க்கிழங்கு விழுந்தது. குல்லாதான் எனக்கு வேண்டும். மாசி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, வேர்வை கண்ணில் இறங்க, மிலிட்டரிக்காரனாகக் காடெல்லாம் சுற்றினேன். அதில் ஈரமண்ணும் அத்தையின் பெட்டிப் பவுடரும் கலந்த ஒரு வாசனை. அந்தக் குல்லா எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வாசனைக்காக இப்போதும் அதைத் தேடலாம்போல இருக்கிறது.

கிழங்கை அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் காட்டில் அது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்குகிற சமயம். அடுப்படிக் கூடையில் எப்போதும் கிழங்கு கிடக்கும். அம்மா இதையும் அதோடு போட்டுவிட்டு, உலை வைத்துக்கொண்டே, "உங்கத்தை ஊருக் கெழங்கு வேவுமாடா?" என்று கேட்டாள். அத்தை பாய்ந்து வந்து கூடையைக் கவிழ்த்தாள். அவள் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணி, இது பூச்செடிங்க."

"பூவா? இதுலயா?"

அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியில் செக்கச்செவேலென்று சின்னச் சின்ன முளைகள். கரும்பானாலும் கிழங்கானாலும் அப்பா முதலில் பார்ப்பது அதைத்தான். "கண்ணு இருக்குது. உசுரு இருக்குது பாப்பா" என்றார். அத்தைக்குக் கல்யாணமான பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

பெயின்ட் வாளி ஒன்றின் அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு, மணலும் மக்கின எருவும் கலந்து, அத்தை அதை நட்டாள். கிழங்கின் தலை தெரிகிற மாதிரி, மேலாக. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பாப்பா, வேரு வெளிய தெரியற மாதிரி வெக்கிற? கெழங்குன்னா மண்ணு அணைக்கணும். நல்லா மூடி, மிதிச்சு வுடணும்."

அத்தை ஆட்காட்டி விரலின் முதல் கணுவைத் தொட்டுக் காட்டினாள். "இவ்ளோதாண்ணா மண்ணு இருக்கணும். மேல போனா பூக்காதாம். அந்தக்கா அப்பிடித்தான் காட்டுனாங்க."

"எந்தக்கா?"

"பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா. அவுங்க பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவுங்களுக்குப் புரியாது. விரல்லதான் பேசிக்குவோம்."

அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் அந்த வாளியைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை தானாக ஒரு பிடி மண்ணை அதற்குள் போடும். அத்தை பார்த்து, "அண்ணோவ்!" என்பாள். அவர் திருடன்போல நகர்ந்துவிடுவார்.

முளை வந்தது. தாம்பாளச் செம்பின் நிறத்தில், நண்டுக் கால் மாதிரி. பிறகு விரிந்து இலையானது. அதிலிருந்துதான் அத்தை அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பித்தாள். காலையில் கிழக்குச் சுவரோரம் வைப்பாள். வெயில் ஏறினால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பக்கம். மத்தியானம் வேப்பமரம். அங்கேயும் அனல் அடித்தால், மோட்டார் ஓடும்போது வாய்க்கால் மேட்டில். வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு. குச்சி ஐஸ் விற்க வருகிறவரிடம் பெட்டிக்கு அடியில் கிடக்கும் ஐஸ் தூளைக் கேட்டு வாங்கி, சாக்கின்மேல் தூவுவாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "செடிக்கு ஐஸ் வெக்கிற ஊட்ட இப்பத்தாம்மா பாக்கறன்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

"செடிக்கு வெயில் வேணும்னு எங்க டீச்சர் சொன்னாங்க அத்த" என்றேன் நான். எங்கள் வீட்டில் அப்போது புத்தகத்தைத் தானாகப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்த மிதப்பு எனக்கு உண்டு.

"உங்க டீச்சர் இதப் பாத்திருக்காங்களா? இது பனியில தூங்கி எந்திரிக்கிற சாதிடா மருமவனே. இந்தத் தடவ தூங்கிட்டுத்தான் வந்திருக்குது. பூத்தாலும் பூக்கும்."

செடி மட்டுமில்லை. அவளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மத்தியான வெயிலுக்கு அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டால், அத்தை எழுந்து போய்த் திறப்பாள். அம்மா மறுபடி சாத்துவாள். அத்தை மறுபடி திறப்பாள். "அனல் வருதில்ல" என்றால், "வரட்டுங்கண்ணி" என்பாள். பின்பக்கம் குளிக்கிற தட்டிக்குள் போனால் படலை முழுசாகச் சாத்த மாட்டாள். என்னை வெளியே நிறுத்தி, "பேசிக்கிட்டே இருடா" என்பாள். நான் வாய்ப்பாடு சொல்வேன். நிறுத்தினால், "இருக்கியா?" என்பாள். பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பாள்.

பெரியவர்கள் இதற்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். அம்மா அப்பாவிடம் சொன்னதை, குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு நான் கேட்டேன்.

"புருசன் நெனப்புங்க. வேறென்ன? ரெண்டு வருசம் கூட இருந்தவ. வாய் வேண்டாங்குது, மனசு அங்கதான் கெடக்குது. அதான் கதவையே பாத்துக்கிட்டிருக்கறா."

"அப்ப ஏன் போவமாட்டேங்குது?"

"ஏதோ சின்னச் சண்டையா இருக்கும். ரோசம். நாமளா அனுப்பி வெச்சா போயிருவா. அவளாக் கேக்க மாட்டா."

இன்று யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. எதிலுமே கெட்ட எண்ணம் இல்லை. அத்தை கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். அது யாரோ வருவதற்காக என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளைக் கூட்டிப்போய்த் தீர்த்தமலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றுகூட அம்மா சொன்னாள். பாசத்தோடுதான்.

மாமா போன் செய்வார். நல்ல மரியாதையான குரல். "எப்பங்க மச்சான் அனுப்பறீங்க? சித்திரையில லீவு போட்டிருக்கறேன். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." அப்பா போனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றே பேசுவார். போன் வந்த நாளெல்லாம் அத்தை வாளியை அதிகமாகத் தூக்குவாள்.

"என்ன பாப்பா, மாப்ள வர்றேங்கறாரு. என்ன சொல்லட்டும்?"

"வேண்டாம்ண்ணா."

"ஏன், அடிக்கிறாரா?"

"இல்லண்ணா."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"பின்ன என்னதான் கொற?"

அத்தை சாக்கைப் பிழிந்து மறுபடி சுற்றினாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, சாமியவே கேட்டுருவம்" என்றார்.

பூ கேட்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, எதற்கும் நம்ம பக்கத்தில் அதுதானே. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. வந்த வாக்கை மீறினவர் எங்கள் வகையறாவில் கிடையாது. சித்திரை பிறப்பதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை என்று அப்பா குறித்தார். எடுக்கிற பிள்ளை நான்.

அதே சமயம் செடியில் மொக்கு வந்துவிட்டது. நாலைந்து வந்து, ஒன்று தவிர மற்றதெல்லாம் வெக்கையில் கருகி மிளகு மாதிரி ஆனது. மிச்சமிருந்த ஒன்று உருண்டு, கோலிக்குண்டாகி, எலுமிச்சங்காயானது. அதன்மேல் தேன் மாதிரி ஏதோ கசிந்தது. கட்டெறும்பு மொய்த்தது. வாளியை எங்கே தூக்கி வைத்தாலும் எறும்புகள் வழி கண்டுபிடித்து வந்தன. அம்மா பதறிப்போய் எறும்பு சாக்பீஸால் வாளியைச் சுற்றிக் கோடு கிழித்தாள். அத்தை காலாலேயே அதை அழித்தாள்.

"வரட்டும் வுடுங்கண்ணி. அங்கயும் மொய்க்கும். மொக்கு அப்பிடி இருந்தாத்தான் நல்ல மொக்கு."

"ஆமா, எல்லாம் அங்க மாதிரியே வேணும் உனக்கு. அப்பறம் அங்க போவ மாட்டேங்கற" என்றாள் அம்மா. குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் சொன்னாள்.

அத்தை மொக்கிலிருந்து ஒரு எறும்பைத் தன் விரலில் ஏற்றிக்கொண்டு, அது முழங்கை வரை போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த மாதங்களில் அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பூ விரிந்திருந்தது. கையில் சோற்றுக் கிண்ணத்தை ஏந்துவது மாதிரி ரெண்டு கையாலும் ஏந்தலாம். வாசனை ரோஜாவும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில். பக்கத்துக் காட்டுப் பெரியம்மாகூட வேலியைச் சுற்றி வந்து, வாயில் கை வைத்து நின்றாள்.

"மொதப் பூ சாமிக்கு" என்றாள் அம்மா. அது வழக்கம்தானே. எங்கள் வீட்டில் முதல் கத்திரிக்காயும் சாமிக்குத்தான் போகும். அத்தை மறுக்கவில்லை. தானே அரிவாள்மனையில் காம்பை அறுத்து, தட்டில் வைத்துக்கொண்டு எங்களோடு நடந்தாள்.

கோயிலில் பூசாரி அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இது? என்ன பூ?"

"மலை நாட்டுப் பூங்க. பேரு தெரியல" என்றார் அப்பா.

"பேரு தெரியாத பூவ எப்பிடிங்க சாமிக்கு வெக்கிறது? விஷமா என்னன்னு தெரியல. வழக்கத்துல இல்லீங்களே. ஓரமா வெச்சுருங்க."

அத்தை தட்டை ஓரமாக வைத்தாள். பிறகு பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார்கள். ரெண்டும் ஒன்றுபோல இருந்தன. எதை எடுப்பதென்று ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏனென்றால் நான் சாமியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தேன். அத்தை போனால் யார் என்னோடு பேசுவது, சிவப்பு வரட்டும் என்று. எடுத்தேன். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் பெரிய பாரத்தை இறக்கிவைத்த தெளிவு. "சாமியே சொல்லிருச்சு பாப்பா. இனி யோசன வேண்டாம்."

அத்தை ஓரத்திலிருந்த தட்டை எடுத்தாள். அந்தப் பூவைத் தூக்கி, கொண்டையில் செருகிக்கொண்டாள். அவ்வளவு பெரிய பூவை யாரும் தலையில் வைப்பதில்லை. காதை மூடி, கழுத்தில் சாய்ந்து நின்றது. "அம்மா, சாமிக்குன்னு கொண்டாந்தது..." என்று பூசாரி இழுத்தார். "சாமிதான் வேண்டான்னிருச்சே" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

அந்த நடையைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அந்தப் பூவுக்கு ஒரு குணம், உதிர ஆரம்பித்தால் மொத்தமாக உதிரும். டீக்கடை தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, வழியெல்லாம் இதழ். "எதுக்குடி இம்மாம் பெரிய பூவு?" என்று ஒரு கிழவி கேட்டதற்கு, "இன்னிக்குப் பூத்துச்சு, அதான்" என்றாள். வீடு வரும்போது அவள் கொண்டையில் மஞ்சள் பொடி தட்டின ஒரு நடுக்கண் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு அப்பா போன் செய்து சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வருவதாக மாமா சொன்னார். அத்தை துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். வாளியை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டாள். வெயில் நேராக அடித்தபோதும் போய் நகர்த்தவில்லை.

அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு காலையில் அவரே வாளியைத் தொட்டியடிக்குத் தூக்கி வந்தார்.

"செடிய ஏன் இங்க காய வுடணும்? அது ஊருக்கே எடுத்துட்டுப் போயிரு பாப்பா. குளுருல நல்லா வரும். நான் வேரு நோவாம எடுத்துக் கட்டித் தர்றேன்."

வாளியைச் சாய்த்து, மண்ணோடு மெதுவாக இறக்கினார். தண்ணீர் விட்டுக் கிழங்கைக் கழுவினார். ஈரத்தில் அதை வெளிச்சத்துக்குத் திருப்பியவர் முகம் சுளித்தார். விதைக்கிழங்கு விஷயத்தில் அவர் மாமியார் மாதிரி, குறை கண்ணில் படாமல் போகாது.

"யாரு பாப்பா இத இப்பிடி முறிச்சது? இங்க பாரு, நாரு நாராப் பிய்ஞ்சிருக்குது. வெதைக்குக் குடுக்கறத யாராச்சும் கையில முறிப்பாங்களா? கத்தி கெடையாதா அங்க?"

"முழுசா நொழையலண்ணா."

"எதுல நொழையல?"

"ஜன்னல் கம்பியில."

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஜன்னல்ல எதுக்குக் குடுக்கறாங்க? வாசலுக்கு வந்து குடுத்தா ஆவாதா?"

"கதவு பூட்டியிருக்கும்."

"சரி, நீ தொறந்து வாங்கறது."

அத்தை கையிலிருந்த சேலையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "வெளிப்பக்கம் பூட்டியிருக்கும்ண்ணா."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"எப்ப?" என்றார் அப்பா.

"அவுரு டூட்டிக்குப் போறப்ப. வர்ற வரைக்கும்."

"எப்பியாச்சுமா?"

"பூட்டாம போன நாள் ஒண்ணாவது இருக்குதான்னு நானும் யோசிச்சுப் பாத்தேன்." அத்தை சாதாரணமாகத்தான் சொன்னாள். "அந்தக்கா ஜன்னல்ட்ட வந்து நின்னுக்குவாங்க. அவுங்க தோட்டத்துப் பூவ நான் கம்பி வழியாவே பாத்துக்கிட்டிருப்பேன். ஊருக்குப் போறேன்னு சொன்னதும் ஓடிப்போயி இதத் தோண்டியாந்தாங்க. நொழையல. அப்பிடியே முட்டியில வெச்சு முறிச்சு, பாதியக் குடுத்தாங்க."

"ஏன் பாப்பா எங்கிட்டச் சொல்லல?"

"அடிக்கல, குடிக்கல. நீங்க கேட்டதுக்கெல்லாம் இல்லதானே பதிலு. பூட்டுனாருன்னா, ஊரு புதுசு, பாதுகாப்புக்குன்னு சொல்லுவாரு. நீங்களும் ஆமாம்பீங்க." சேலையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க அந்த டார்ச்சத் தொடச்சுத் தொடச்சு மாட்டுனீங்கண்ணா."

அப்பா கிழங்கைக் கீழே வைக்கவில்லை. ரொம்ப நேரம் அந்த முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஈரச் சாக்கில் அதைச் சுற்றி நிழலில் வைத்துவிட்டு, கையைக் கழுவி, போனை எடுத்தார். வழக்கமாக எழுந்து நின்று பேசுகிறவர், தொட்டி விளிம்பில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"மாப்ள, நீங்க வர வேண்டாங்க... இல்லீங்க, பாப்பா இங்கதான் இருக்கும்... ஆமாங்க, சாமி அனுப்புன்னுதாங்க சொல்லுச்சு. நாந்தாங்க வேண்டாங்கறேன்."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. அப்பா அந்த 'ங்க'வைக் கடைசிவரை விடவில்லை. "வெச்சர்றனுங்க" என்று வைத்தார்.

"சாமி வாக்குங்க..." என்று ஆரம்பித்த அம்மா, அத்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானம் அனல் அடிக்கிற நேரத்தில் அம்மாவே கதவை விரியத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்து வைத்தாள்.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்குப் போனார். வாழைமர நிழல் விழுகிற, எப்போதும் ஈரம் கசிகிற இடம். கல் பொறுக்கி, எரு போட்டு, பாத்தி கட்டினார். "இனி வாளி வேண்டாம். தரையிலயே இருக்கட்டும்" என்று கிழங்கை இறக்கினார். இறக்கி, குச்சிக்கிழங்குக்குச் செய்கிற மாதிரியே ஆழமாக மூடி, மண் அணைத்து, காலால் மிதித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அத்தை பக்கத்தில்தான் நின்றாள். விரல் கணுவைக் காட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமா ஆட்களோடு ஒரு தடவை வந்தார். பேச்சு நடந்தது, பஞ்சாயத்து நடந்தது, பிறகு கோர்ட்டில் முடிந்தது. அது நீளம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை டார்ச் மாட்டின ஆணி மட்டும் சுவரில் இருந்தது. டார்ச் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

செடி அடுத்த மாசியில் முளைத்தது. இலைதான். பூக்கவில்லை. "புருசன் ஊட்டுக்குப் போயிருந்தா பூத்திருக்கும்" என்று பெரியம்மா சொன்னாள். அதற்கடுத்த வருஷம் ரெண்டே இலை. பிறகு வரவில்லை. அப்பா இன்றுவரை அந்தப் பாத்தியில் வேறெதையும் வைக்கவில்லை. வாய்க்காலைத் திருப்பும்போது அந்தப் பக்கமும் ஒரு மடை திறந்துவிடுவார்.

கல்யாண மண்டபத்திலிருந்து நான் அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். அவள் இப்போது அரூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஷட்டரைத் தானே தூக்கி, தானே இறக்கி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறவள். போனைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மிஷின் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எறும்பு இருக்குதாடா?"

"இல்ல அத்த. ஐஸ் பெட்டியில வந்தது."

"பாவம்" என்றாள்.

எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. அங்கேயே நின்று போனில் தேடிப் படித்ததையெல்லாம் கொட்டினேன். கிழங்கு குளிரில் தூங்கி எழுந்தால்தான் பூக்கும், நம்ம ஊர்ச் சூட்டில் அடுத்த வருஷம் பூக்க வழியே இல்லை, அதுவும் அவ்வளவு ஆழத்தில் நட்டால் எந்த ஊரிலும் பூக்காது என்று.

"தெரியும்டா. அந்தக்கா விரல்ல காட்டுனாங்கன்னு அன்னிக்கே சொன்னனே."

"அப்ப அப்பா அவ்ளோ மண்ணு அணைக்கறப்ப ஏன் சொல்லல?"

அவள் கத்திரிக்கோலை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க வெக்கிறதுன்னு தெரியாம அத்தன மாசம் அந்த வாளியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவ நான். எங்கண்ணன் மம்புட்டிய எடுத்தாந்து, கல்லப் பொறுக்கி, எடம் பண்ணாரு. அப்பப் போயி ஆழமாயிருச்சுண்ணான்னு சொல்லுவாங்களாடா?"

யாரோ ஜாக்கெட் அளவு கொடுக்க வந்திருந்தார்கள். "உள்ள வாங்கக்கா, தொறந்துதான் இருக்குது" என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாள். நான் திரும்பிப் போய் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.